நம் தலைமுறைக்காக ஒரு ஷுக்ரு



உத்திரமேரூருக்கு அருகே ஒரு சிற்றூர் நம்முடையது. அஸர் தொழுதபின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து பேசுவது நம் போன்ற வயோதிகர்களின் வழக்கம். பேச்சு ஏரித் தண்ணீரில் தொடங்கும். நெல் விலைக்குப் போகும். கடைசியில் இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் வந்து நிற்கும். "ஜனங்கள் கெட்டுப் போய்விட்டார்கள், எங்கள் காலம் போல வருமா!" என்று ஒருவர் சொல்வார். மற்றவர்கள் தலையசைப்போம். அப்படிச் சொன்னவர்களில் நாமும் ஒருவர்தான்.

ஒருநாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்த வாலிபர் ஒருவர் மெல்லச் சொன்னார்: "பெரியத்தா, உத்திரமேரூர்க் கோயில் கல்வெட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. குடவோலையில் பெயர் எழுத 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குக் கீழும் இருக்க வேண்டுமாம். கணக்குக் காட்டாதவனுக்கும் இடமில்லையாம்."

கி.பி. 921-ல், பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு அது. நமக்கு வயது 72. பள்ளிவாசல் கணக்குப் புத்தகம் 24 ஆண்டுகளாக நம் பெட்டியில்தான் இருக்கிறது! எல்லோரும் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். இரவு தூக்கம் வரவில்லை.

தம் உம்மத்தினரின் ஆயுள் அறுபதுக்கும் எழுபதுக்கும் இடையில் என்றும், அதைத் தாண்டுவோர் குறைவு என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாகத் திர்மிதீயில் வருகிறது. அப்படியானால் நாம் இப்போது உண்பது உபரிச் சோறு. ஜனங்கள் அழிந்தார்கள் என்று சொல்லித் திரிபவனே அவர்களில் அதிகம் அழிந்தவன் என்ற கருத்தில் முஸ்லிம் ஷரீஃபில் ஒரு ஹதீஸ் உண்டு. திண்ணையில் நாம் பேசியதை அதோடு ஒத்துப் பார்த்தபோது உடல் நடுங்கியது.

நாற்பதை அடைந்த மனிதன் கேட்கும் துஆவை அல்லாஹுத்தஆலா சூரத்துல் அஹ்காஃபில் எடுத்துரைக்கிறான். தனக்கும் தன் பெற்றோருக்கும் கிடைத்த நிஃமத்துக்கு நன்றி செலுத்த அவன் அருள் கேட்கிறான். தன் சந்ததிகளைச் சீராக்கும்படியும் கூடவே வேண்டுகிறான். மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவில் நாம். "எங்கள் காலம்" என்று மார்தட்டினால் இரண்டு கையையும் உதறிவிட்டவர்களாவோம்.

நம் அக்கா ஒருத்தி இருந்தாள். நமக்கு எட்டு வயதாகும்போது பெரியம்மை கண்டு ஒன்பதே நாளில் மௌத்தானாள். கஃபனிட்டபோது முகத்தை நம்மிடம் காட்டவில்லை, அம்மா தடுத்துவிட்டார்கள். பிறகு ஊர் ஊராக வந்து அம்மை குத்தினார்கள். 1975 மே மாதத்துக்குப் பின் நம் நாட்டில் அந்நோய் ஒருவரையும் தொடவில்லை. 1980-ல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். நம் புஜத்தில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. பேரன் தடவிப் பார்த்து, "என்ன நன்னா இது?" என்கிறான். அவன் புஜத்தில் அது இல்லை. அக்காவின் கப்ரையும் பேரனின் புஜத்தையும் ஒரே ஆயுளில் பார்க்க வைத்த ரப்புக்கு எத்தனை ஸஜ்தா செய்தாலும் தகும்!

அத்தா உழவு மாடுகளை விற்றுப் பம்பாய் போய்க் கப்பலேறி ஹஜ்ஜுக்குப் போனார்கள். அந்தக் கப்பல் பயணம் 1995-ஓடு நின்றது. நாம் விமானத்தில் சில மணி நேரத்தில் ஜித்தாவில் இறங்கினோம். அனுப்பி வைத்தது நம் மகன். திண்ணையில் நாம் குறை சொன்ன "இந்தக் காலத்துப் பிள்ளை"களில் அவனும் ஒருவன்.

அடுத்த ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தார் முன்னிலையில் கணக்குப் புத்தகத்தையும் உண்டியல் சாவியையும் அந்த வாலிபரிடமே ஒப்படைத்தோம். அவருக்கு வயது 36. மறுநாள் மஃரிபுக்கு வந்தவர், பழைய பக்கம் ஒன்றில் கூட்டல் பிசகி 11 ரூபாய் குறைவதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ். ஹயாத்தோடு இருக்கும்போதே தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டோம்.