ரேட் சொன்ன சிஸ்டர்

ரேட் சொல்லும்போது அந்த சிஸ்டரின் விரல்கள் என் அம்மாவின் மணிக்கட்டில் இருந்தன. நடந்தது அவ்வளவுதான். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறை; பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அம்மா; நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் நிறுவனம் நடத்துகிற சிஸ்டர். போட்ட நாற்காலியில் அவர் உட்காரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முதலில் பிரஷர் பார்த்தார். பிறகு அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "பகல் மட்டும்னா இருபத்திரண்டு வரும்க்கா" என்றார். கொஞ்சம் நிறுத்தினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ராத்திரியும் சேர்த்துன்னா முப்பத்தஞ்சு."

அந்த நிறுத்தம்தான் என்னை விடமாட்டேன் என்கிறது.

அவர் போன பிறகு, வைத்துவிட்டுப் போன நோட்டைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் தேதி, நேரம், பிரஷர். அதன் கீழே ‘பல்ஸ் 84’. அப்படியானால் எண்ணியிருக்கிறார். எப்போது எண்ணினார்? அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். 22,000-க்கும் 35,000-க்கும் நடுவில் அரை நிமிடம் இருந்ததா? இல்லை, முதல் தொகை எங்கள் காதில் இறங்கட்டும் என்று விட்ட இடைவெளியா அது? ஜவுளிக்கடையில் பட்டுச்சேலையை விரித்துப் போட்டவர் விலையைச் சொல்லிவிட்டு, முந்தானையைத் தடவிக்கொண்டே பேசாமல் இருப்பாரே, அந்த மாதிரி.

நானே சோதித்துப் பார்த்தேன். மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு மளிகைக்கடைக்குச் சாமான் சொன்னேன். துவரம்பருப்பு வருவதற்குள் எண்ணிக்கை தவறிவிட்டது. பேசிக்கொண்டே எண்ண முடியாது. எண்ண வேண்டுமானால் வாயை மூட வேண்டும். ஆகவே அந்த நிறுத்தத்தில் அவர் எண்ணியிருக்கத்தான் வேண்டும் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள், எண்ணுவதுபோல் இருந்துகொண்டே எங்கள் முகத்தைப் படித்திருக்கலாமே என்று தோன்றும்.

இதில் உறுத்த என்ன இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. அம்மாவைப் பார்த்த நரம்பியல் டாக்டரும் கையைத் தொட்டுத்தான் பார்த்தார். அவருக்கும் பணம் கொடுத்தோம். ஆனால் அந்தப் பணத்தை வாங்கியது வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண். தொகை பலகையில் எழுதியிருந்தது. டாக்டர் வாயால் ஒரு ரூபாய் என்றும் சொன்னதில்லை. தொடுகிற கைக்கும் வாங்குகிற கைக்கும் நடுவில் ஒரு கண்ணாடி இருந்தால் நமக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. சிஸ்டருக்கு அந்தக் கண்ணாடி இல்லை. இரண்டு கையும் அவருடையதாக இருந்தது.

என் ஆச்சியின் ஊரில் ஒரு மருத்துவச்சி இருந்தாள். ‘இருந்தாள்’ என்றே எழுத வருகிறது, ஏனென்றால் நண்டும் சிண்டுமான நாங்கள்கூட அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். ஊரில் பாதிப்பேர் அவள் கையில் பிறந்தவர்கள். என் அம்மாவும் அப்படித்தான். பேறுகாலம் முடிந்த பிறகும் வருவாள். காய மருந்து இடிப்பது, தாய்க்கு வேது பிடிப்பது, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது எல்லாம் அவள். கடைசியில் புறவாசலில் வைத்து ஒரு மரக்கால் நெல், ஒரு சேலை, வெற்றிலை பாக்கோடு கொஞ்சம் பணம். எவ்வளவு என்று அவள் பிரித்துப் பார்க்க மாட்டாள். "அவ வாயத் தொறந்து ஒத்தக் காசு கேட்டதில்ல" என்று ஆச்சி சொல்வாள். ஒரு மனுஷியைப் பற்றி ஆச்சி சொன்ன ஆகப்பெரிய பாராட்டு அது.

பிற்காலத்தில் அவளுக்குக் கண் மங்கிவிட்டது. ஒரு தீபாவளிக்குச் சேலை வாங்க வந்தவள், மருந்துக்குக் கொஞ்சம் பணம் வேண்டும் என்று கேட்டாள். ஆச்சி கொடுத்தாள். அவள் தெரு திரும்பிய பிறகு, "வயசானா ஆசை வந்துருது பாத்தியா" என்றாள். ஆயுள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த பேர் ஒரு வாக்கியத்தில் போயிற்று. ஆச்சி கொடுமைக்காரி இல்லை. கேட்காமல் இருப்பதுதான் அவள் குணம் என்று நம்பியிருந்தாள். அந்தக் குணத்தால் லாபம் யாருக்கு என்று யோசிக்க அவளுக்கு அவசியம் வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்த நர்ஸ், கைவிளக்கேந்திய காரிகை. இருட்டில் விளக்கோடு நடக்கும் அந்தப் படத்தில் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. வெகுகாலம் கழித்துத்தான் அவர் வாழ்க்கையில் வேறு சில விவரங்களைப் படித்தேன். 1853-ல் லண்டன் ஹார்லி தெருவில் நோயுற்ற பெண்களுக்கான ஒரு விடுதியைச் சம்பளம் வாங்காமல் நடத்தினார். அப்பா ஆண்டுக்கு 500 பவுண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் சேவையை நான் குறைத்துப் பேசவில்லை. எண்ணுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கிரிமியப் போரில் காயத்தைவிட நோயால் செத்த சிப்பாய்களே அதிகம் என்பதை 1858-ல் வட்ட வரைபடமாகப் போட்டு அரசாங்கத்தின் முன் வைத்தவர். ஆனால் தன் உழைப்புக்கு ரேட் சொல்ல வேண்டிய நிலை அவருக்கு வரவில்லை. அவருக்கான தொகையை வேறொருவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தார்.

அதே போரில் இன்னொரு பெண் இருந்தார். எங்கே படித்தேன் என்பது மறந்துவிட்டது, ஆள் மறக்கவில்லை. மேரி சீகோல். 1805-ல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். அம்மா நாட்டு வைத்தியம் தெரிந்தவர், தங்கும் விடுதி நடத்தியவர். வைத்தியமும் வியாபாரமும் அந்த வீட்டில் ஒரே கூரையின் கீழ் இருந்தன. பனாமாவில் காலரா பரவியபோது, பணமுள்ளவர்களிடம் வாங்கிக்கொண்டு ஏழைகளுக்கு இலவசமாகப் பார்த்தார். கிரிமியாவுக்கு நர்ஸாகப் போக லண்டனில் விண்ணப்பித்தார், எடுத்துக்கொள்ளவில்லை. சொந்தச் செலவில் போனார். ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 1855-ல் பாலக்லாவா அருகே ‘பிரிட்டிஷ் ஹோட்டல்’ என்று ஒன்றைத் திறந்தார். கிடைத்த பலகை, இரும்புத் தகடு, பெட்டிக் கட்டைகளால் கட்டியது. அதிகாரிகளுக்குச் சாப்பாடும் சாமானும் விற்றார். மருந்து கொடுத்தார். மூட்டையைக் கட்டிக்கொண்டு போர்க்களத்துக்கே போய்க் காயத்துக்குக் கட்டுப் போட்டார்.

1856-ல் சமாதானம் வந்தது. ஊரே கொண்டாட, சீகோலின் சரக்கு விற்காமல் தேங்கியது. லண்டன் திரும்பி அந்த ஆண்டே திவாலானார். அவர் கவனித்துக்கொண்ட சிப்பாய்களும் அதிகாரிகளும் சேர்ந்து நிதி திரட்டினார்கள். 1857-ல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். இதெல்லாம் நடந்து ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2016-ல், லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை வளாகத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். நைட்டிங்கேல் 1860-ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கிய மருத்துவமனை அது. நைட்டிங்கேல் அபிமானிகள் எதிர்த்தார்கள். சீகோல் நல்ல மனசுக்காரர், ஆனால் வியாபாரி. நர்ஸ் என்று சொல்ல முடியாது என்பது அவர்கள் வாதம். விரல் மணிக்கட்டில் இருந்ததா, கல்லாவில் இருந்ததா என்று கேட்கிறார்கள். நானும் அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தபோது, அந்தக் கேள்வியின் மேலேயே கொஞ்சம் சந்தேகம் வந்தது.

எங்கள் சிஸ்டரின் கதையை அவர் வந்து போகும்போது துண்டு துண்டாகக் கேட்டேன். மூன்று வருட நர்ஸிங் டிப்ளமோ. பிறகு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐசியூ வேலை. 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியில்கூட நர்ஸ் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அதற்கு இரண்டு வருடம் கழித்து இவர் வேலையை விட்டபோது வாங்கிக்கொண்டிருந்தது 14,500.

நோயாளிகளை மூக்குக் குழாயோடும் யூரின் பையோடும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். குழாயில் கஞ்சி ஊற்ற வீட்டில் யாருக்கும் தெரியாது. படுக்கைப்புண் வந்துவிடும். டியூட்டி முடிந்து போகிற வழியில் இவரைக் கூப்பிடுவார்கள். புண்ணைச் சுத்தம் செய்து கட்டிவிட்டுக் கிளம்பும்போது இருநூறு ரூபாயைக் கையில் திணித்து, "காபி குடிச்சிக்கோங்க சிஸ்டர்" என்பார்கள். ஒரு நாள் ஒரு வீட்டில் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஒரு தடவைக்கு ஐந்நூறு" என்று சொல்லிவிட்டாராம்.

"செத்தவங்க கண்ண மூடிவிட்டிருக்கேன்க்கா, கை நடுங்குனதில்ல. அன்னைக்கு ரேட் சொல்லுதப்ப நாக்கு ஒட்டிக்கிச்சு."

அந்த ஐந்நூறுதான் ஆரம்பம் என்கிறார். முத்ரா கடன் 3 லட்சம், வண்ணார்பேட்டையில் மாடியில் ஒரு அறை, அட்டெண்டர் வேலைக்கு நாலு பெண்கள் எல்லாம் அதற்கப்புறம் வந்தவை. இப்போது முப்பதுக்கு மேல் பெண்கள். புது வீட்டுக்கு மட்டும் இன்னும் அவரே நேரில் போகிறார்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். அன்றைக்கு ரேட் சொல்லும்போது பல்ஸ் எண்ணினீர்களா என்று. அவருக்கு நினைவில்லை. "அப்படியா இருந்தேன்?" என்று சிரித்தார். "கை கெடச்சா பிடிச்சிருவேன்க்கா. பழக்கம். அதோட, ரேட் சொல்லுதப்ப எனக்கும் ஒரு பிடி வேணும்லா."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வீடு பேசிப் பழகியவர் சொல்லும் பதிலும் இப்படி நன்றாகத்தான் இருக்கும். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். நம்பும்படி சொல்ல அவருக்குத் தெரியும் என்பதையும் நம்புகிறேன்.

எங்கள் வீட்டில் இருக்கும் பெண் சங்கரன்கோவில் பக்கம். 35,000-ல் அவள் கைக்குப் போவது 23,000. மீதி 12,000 என்ன ஆகிறது என்று நான் கேட்காமலே சிஸ்டர் கணக்குச் சொன்னார்: லீவு நாளுக்கு மாற்று ஆள், பெண்கள் தங்கும் வீட்டு வாடகை, கடன் தவணை, நோயாளி இறந்ததும் பாக்கி தராமல் போனை எடுக்காத குடும்பங்கள். எதிலும் பொய் தெரியவில்லை. அந்தப் பெண்ணிடம் பேச்சுவாக்கில் கேட்டபோது, "மேடம் நல்லவங்கதான். ஆனா ராத்திரி முழிச்சிருக்கது நான்தானக்கா" என்றாள். அதிலும் பொய் இல்லை. பொங்கலுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்து, செலவுக்கு வைத்துக்கொள் என்றேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். அவள் முதலாளி எந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துத் தொழிலைத் தொடங்கினாரோ, அதே வகைப் பணம்.

ஆகவே நான் எங்கே வந்து நிற்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. கேட்காத மருத்துவச்சிக்கு நடந்தது நியாயமில்லை; அதில் சந்தேகமில்லை. கேட்கக் கற்றுக்கொண்ட சிஸ்டரைப் பார்த்தால் மதிப்பாக இருக்கிறது. ஆனால் அவர் கேட்டு வாங்குவதில் ஒரு பகுதி இன்னொருத்தியின் தூக்கத்திலிருந்து வருகிறது. அவளை அந்தக் கட்டிலருகே உட்கார வைத்திருப்பது நான். 35,000 எங்களுக்கு அதிகம், அந்தப் பெண்ணுக்குக் குறைவு. சிஸ்டருக்கு லாபமா, தாக்குப்பிடிக்கப் போதுமான தொகையா என்பது அவர் நோட்டுக்குத்தான் தெரியும். சரியான தொகை என்று ஒன்று இருக்குமானால் அதை யார் சொல்ல வேண்டும் என்பதும் எனக்குத் தெளிவில்லை. கொடுக்கிறவளும், அனுப்புகிறவரும், விழித்திருக்கிறவளும் இப்போதைக்குத் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். மூன்று விடையும் ஒத்துவரவில்லை.