அணிகலனும் அதன் கடனும்

பொன்னும் மணியும் உடலுக்கு அழகு செய்வன. பிறர் பட்ட துன்பத்தின் நினைவாகச் செய்யப்பட்ட அணிகலன் எதற்கு அழகு செய்யும்? அண்மையில் நம் உறவினர் இல்லமொன்றில் திருமணப் பேச்சு நடந்தபோது இவ்வினா எழுந்தது. கல்லூரியில் வரலாறு பயின்ற மணமகள், தனக்கெனச் செய்யவிருந்த தங்க ஆரத்திற்கு மாற்றாக ஒரு சிறு வெள்ளிப் பதக்கம் போதும் என்றாள். "வெள்ளியைப் போட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்தால் ஊரார் என்ன சொல்வார்கள்?" என்று அன்னையார் கலங்கினார். இருசாராரும் நம் கருத்தை வினவினர். உடனே விடை கூற நமக்கு இயலவில்லை.

அப்பெண் விரும்பிய பதக்கத்தின் மூலவடிவம் இங்கிலாந்தில் தோன்றியது. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டி, எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் அம்மையார் 1903ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கத்தினர் பலர் கைதாகி, இலண்டனில் இருந்த ஹாலோவே சிறையில் அடைக்கப்பட்டனர். சிறை மீண்டு வந்தோர்க்கு 1909ஆம் ஆண்டு முதல் ஒரு வெள்ளிப் பதக்கம் வழங்கப்பட்டது. அதனை வரைந்தவர் அம்மையாரின் மகளும் ஓவியருமான சில்வியா. கோட்டை வாயிலில் மேலிருந்து கீழிறங்கும் கம்பிக் கதவின் உருவம் அதில் உள்ளது. அது அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் சின்னம். அதன்மேல், கைதிகளின் உடையில் பொறிக்கப்படும் அம்புக்குறி, ஊதா, வெண்மை, பச்சை ஆகிய மூவண்ணத்தில் பதிக்கப்பட்டது. கண்ணியம், தூய்மை, நம்பிக்கை என்பன அவ்வண்ணங்களுக்கு அவர்கள் வகுத்த பொருள்.

அதே ஆண்டு ஜூலைத் திங்களில் மேரியன் வாலஸ் டன்லப் என்னும் பெண்மணி சிறையில் 91 மணி நேரம் உணவை மறுத்தார். அரசினர் அவரை விடுவித்தனர். பின்னர் அவர் வழியில் உண்ணாநோன்பு மேற்கொண்டோர்க்குச் செப்டம்பர் முதல் குழாய் வழியே வலிந்து உணவு புகட்டும் கொடுமை நேர்ந்தது. அவ்வாறு துன்புற்றோர்க்கும் சங்கத்தார் ஒரு பதக்கம் அளித்தனர். மூவண்ண நாடாவில் தொங்கும் அதன் வெள்ளிப் பட்டையில் நோன்பிருந்த நாள் பொறிக்கப்பட்டது.

இவ்விரண்டையும் விலை கொடுத்து வாங்க இயலாது. பட்ட துன்பமே அவற்றின் விலையாக இருந்தது. ஆயினும் அக்காலத்திலேயே, 1908ஆம் ஆண்டில், இலண்டன் நகை வணிகர் மூவண்ணக் கற்கள் பதித்த அணிகளை விற்கத் தொடங்கிவிட்டனர். இன்றோ, செவ்வந்திக்கல்லும் முத்தும் பச்சைக்கல்லும் சேர்ந்த அக்காலத்துப் பழைய நகை எதனையும் அப்பெண்களின் பெயர் சொல்லி விற்கின்றனர். அவற்றுட் பல, அந்நாளைய நாகரிகத்திற்காகச் செய்யப்பட்டவையே. போராடியோர் பெற்ற உரிமையோ மெல்லவே வந்தது. 1918இல் முப்பது வயது நிரம்பிய பெண்டிருள் ஒரு பகுதியினர்க்கும், 1928இல் ஆடவர்க்கு நிகராக அனைவர்க்கும் வாக்குரிமை கிட்டியது.

நம் உள்ளத்தில் இரு தடைகள் எழுந்தன. முதலாவது, அப்போராட்டத்தின் வழிமுறை. அச்சங்கத்தாருள் சிலர் கடைக் கண்ணாடிகளை உடைத்தனர். கட்டடங்களுக்குத் தீ வைத்தனர். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம் இதனை ஏற்றல் ஆகாது. அவர்களது உண்ணாமையும் வினை நீக்கத்திற்காக நாம் ஏற்கும் உபவாசம் அன்று. பிறர் மனத்தை மாற்றும் பொருட்டு மேற்கொண்டது. ஆயினும், பிறர்க்கு ஊறு செய்த செயலை விலக்கி, தம் உடலில் துன்பத்தைத் தாங்கிய பொறுமையை மட்டும் போற்றுதல் தகும். குணத்தைக் குற்றத்தினின்று பிரித்து அறிதலும் நற்காட்சியின்பாற்பட்டதே.

இரண்டாவது தடை நுட்பமானது. ஒருத்தி சிறையில் வாடிப் பெற்றதை மற்றொருத்தி கடையில் வாங்கி அணிந்தால், அது பொய்யான பெருமை ஆகாதோ? இங்கே நம் ஆகமங்கள் கூறும் நிக்ஷேப முறை துணை செய்கின்றது. ஒரு பொருளைப் பெயர், தாபனை, திரவியம், பாவம் என நால்வகையால் அறியலாம். ஜினாலயத்தில் நாம் வணங்கும் படிமம் தாபனை. நாம் வணங்குவது கல்லை அன்று, அது உணர்த்தும் குணங்களை. அக்குணங்களை நோக்கி நம் உள்ளம் ஓரடியேனும் நகராவிடில், குறை படிமத்தினது அன்று, நம்முடையது. பதக்கமும் அத்தகையதே. அது அணிவோளிடம் ஒரு கடனைக் கேட்குமாயின் அது நினைவுச் சின்னம். கடனை மறக்கச் செய்யுமாயின் மற்றுமோர் உடைமை, அவ்வளவே.

கடன் இன்னதென்பதை நம் சமயத்துப் பெண்மணி ஒருவரே செய்து காட்டியுள்ளார். கன்னட நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அத்திமப்பை, இளமையிலேயே கணவரை இழந்தவர். கவி பொன்னர் இயற்றிய சாந்திபுராணம் அழியாதிருக்க ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். பொன்னாலும் மணியாலும் ஆயிரத்து ஐந்நூறு ஜினப் படிமங்கள் செய்வித்து அளித்தார் என்பர். இலக்குண்டியில் அவர் எழுப்பிய ஜினாலயம் இன்றும் நிற்கின்றது. அவர் கழுத்தில் கிடந்த அணி எதுவென்று யாரும் அறியார். அவர் கையை விட்டுச் சென்ற பொன்னையே உலகம் நினைவில் வைத்துள்ளது.

இவற்றையெல்லாம் எண்ணியபின் அவ்வில்லத்தாரிடம் நாம் கூறியது இதுவே: "மிகுபொருள் விரும்பாமை நம் இல்லறத்தார்க்குரிய விரதம். வெள்ளிப் பதக்கம் ஆரத்தோடு கூடுதலாக வருமானால் வேண்டா. ஆரத்தின் இடத்தில் வருமானால் வரட்டும்." அன்னையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "எனக்கு இந்த ஆரத்தைப் போட என் தகப்பனார் பட்ட கடன் எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். ஆரம் கைவிடப்பட்டது. வளையலும் காதணியும் முன் பேசியபடியே நின்றன. அவற்றை நாம் வற்புறுத்தவில்லை.

மணமகள் நம்மை வணங்கியபோது, "இதை அணியும் தகுதி எனக்கு உண்டா, ஐயா?" என்று கேட்டாள். "தகுதி அணிந்தபின் வரவேண்டியது, அம்மா" என்றோம். அவ்விடை அவளுக்கு மட்டும் உரியதன்று. முக்குடைக்கீழ் வீற்றிருந்தோன் அருளிய மும்மணிகளை நாவால் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கும் நமக்கும் அதுவே பொருந்தும்.