செடிக்கும் சேதாரம் உண்டு

நகைக்கடையில் பவுன் விலையோடு செய்கூலி, சேதாரம் என்று சேர்த்துப் போடுகிறார்கள். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுக் கொடுத்துவிடுகிறோம். எதைச் செய்தாலும் கொஞ்சம் வீணாகத்தான் போகும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் மாடித் தோட்டத்தில் ஓர் இலை சுருண்டால் மட்டும் மனசு தாங்குவதில்லை. அவரைக் கொடியின் தளிரில் அசுவினிப் பூச்சி அடையாய் அப்பியிருப்பதைப் பார்த்ததும் என் கை மருந்துப் புட்டியைத்தான் தேடும். எவ்வளவு சேதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்? தோட்டம் எனக்குள் கிளப்பிவிட்ட கேள்வி இது.

வேளாண்மை படித்தவர்கள் இதற்குப் பதில் வைத்திருக்கிறார்கள். பொருளாதாரச் சேதநிலை என்று அதைச் சொல்வார்கள். பூச்சியால் வரும் நஷ்டம், அதை அடக்க ஆகும் செலவுக்குச் சமமாகிற கட்டம் அது. அந்தக் கட்டத்தை நெருங்காதவரை மருந்து அடிக்காதே என்பதுதான் பாடம். பூச்சியே இல்லாத வயல் வேண்டும் என்று அந்தப் பாடம் எங்கும் சொல்வதில்லை.

ஏன் என்பது அசுவினியைத் தின்னும் பொறிவண்டைக் கவனித்தால் விளங்கும். அசுவினி வெகு வேகமாகப் பெருகும். ஆண் துணை இல்லாமலே குட்டி போடும். அந்தக் குட்டியும் ஒரு வாரம் பத்து நாளில் தாயாகிவிடும். பொறிவண்டு அதற்குப் பிறகுதான் வரும். தின்ன அசுவினி இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் இலைக்கு அடியில் மஞ்சள் முட்டைகளைக் கொத்தாக வைக்கும். முட்டை பொரிந்து புழுக்கள் தின்னத் தொடங்கச் சில நாட்கள் ஆகும். அந்தச் சில நாட்களில்தான் நாம் பொறுமை இழக்கிறோம். மருந்து பட்டால் இரண்டுமே சாகும். மிச்சமிருக்கும் அசுவினி மறுபடி சீக்கிரமே பெருகிவிடும். பொறிவண்டால் அந்த வேகத்துக்குப் பெருக முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிவப்பிலும் ஆரஞ்சிலும் பளபளக்கும் வண்டை எல்லோருக்கும் பிடிக்கும். அதன் புழுவோ கறுத்து, நீண்டு, முதுகில் முள் முள்ளாக இருக்கும். வண்டைவிட மும்முரமாக அசுவினியைத் தின்பது அதுதான்; நசுக்கப்படுவதும் அதுதான். மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டு ஒன்றின் புழு, மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை மெழுகைப் போர்த்தியிருக்கும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துத் துரத்துகிறவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். மறுபக்கம், கத்தரி இலையைச் சல்லடையாகச் சுரண்டுகிற புள்ளி வண்டும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வேண்டியவர் யார், வேண்டாதவர் யார் என்று தோற்றத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. என்ன தின்கிறது என்று நின்று பார்க்க வேண்டும்.

மருந்து அடித்துத் துணையை இழந்த பழைய கதை ஒன்று உண்டு. கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோப்புகளைப் பஞ்சுபோன்ற ஒரு செதில்பூச்சி அழித்துக்கொண்டிருந்தபோது, 1888இல் ஆல்பர்ட் கோபலே என்பவர் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பொறிவண்டை அங்கே அனுப்பிவைத்தார். ஒன்றிரண்டு ஆண்டுகளில் தோப்புகள் தேறின. 1940களில் அதே மாநிலத்துத் தோப்புகளில் டி.டி.டி. பூச்சிமருந்து அடிக்கத் தொடங்கினார்கள். பொறிவண்டு செத்தது, அடங்கிக் கிடந்த செதில்பூச்சி மீண்டும் தலைதூக்கியது.

நம் பக்கத்துக் கதையும் இருக்கிறது. 2008இல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றையும் விடவில்லை. மெழுகுப் பூச்சுக்குள் இருந்ததால் மருந்துக்கும் எளிதில் மசியவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. ஒழிந்துவிடவில்லை, அடங்கியது. முழுக்க ஒழிந்தால் குளவிக்கும் அங்கே பிழைப்பு இருக்காது. வரப்பில் தட்டைப்பயறு விதைக்கும் விவசாயிக்கு இந்தக் கணக்கு தெரியும். பயற்றில் அசுவினி வரட்டும், அதைத் தின்னப் பொறிவண்டு வரட்டும், பிறகு அது வயலுக்குள் இறங்கட்டும் என்று ஓரத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கிறார்.

எதையும் பொறுத்துப் போ என்று நான் சொல்லவில்லை. வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் கண்டால் அந்தச் செடியைப் பிடுங்கத்தான் வேண்டும். பொறுக்க வேண்டியது எது, பிடுங்க வேண்டியது எது என்று பிரித்தறிவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. வீட்டிலும் அப்படித்தான். சொல்லாமல் வந்து நிற்கும் உறவுக்காரர், எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர், சத்தம் போடும் தெருப்பிள்ளைகள் என்று ஒவ்வொரு தொந்தரவாகக் கத்தரித்து வாழ்க்கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் கதவைத் தட்டிக்கொண்டு ஓடி வரவும் அந்தக் கூட்டத்தில்தான் ஆள் இருந்திருக்கும். துளி நஷ்டமும் கூடாது என்கிறவருக்குத் துணையும் வாய்ப்பதில்லை.

ஆகவே, அடுத்த முறை தளிரில் அசுவினியைப் பார்த்தால் உடனே மருந்தைக் கலக்காதீர்கள். முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் முட்டைக் கொத்தோ முள்முதுகுப் புழுவோ இருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். நாலு இலை போகும், போகட்டும்.