இயலும் அறம்: சாதுவன் உரையும் போதை மரணத் தடுப்பும்

தீய பழக்கத்தைக் கைவிடாத ஒருவனின் உயிரைக் காப்பது அப்பழக்கத்துக்கு உடன்படுவதாகுமா? அபினிவகைப் போதைப் பொருள்களால் நேரும் இறப்புகளைத் தடுக்கும் முயற்சிகள் இவ்வினாவை எழுப்புகின்றன. மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதை இதற்கு விடை காணத் துணைபுரிகிறது.

2019-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வறிக்கை, அபினிவகைப் பயன்பாட்டால் இந்தியாவில் ஏறத்தாழ 77 இலட்சம் பேர் உதவி தேவைப்படும் நிலையில் உள்ளனர் என மதிப்பிட்டது. ஹெராயின் போன்றவற்றின் அளவு மிஞ்சினால் மூச்சு ஒடுங்கி உயிர் பிரியும். நலாக்சோன் என்னும் மருந்தை உரிய பொழுதில் செலுத்தினால் சில நிமிடங்களில் மூச்சு மீளும். அதன் வினை குறுகிய நேரமே நிற்குமாதலின் மருத்துவமனை செல்வதும் இன்றியமையாதது. மயங்கி வீழ்வோரின் அருகில் இருக்கக்கூடியவர்களுக்கு இம்மருந்தும் பயிற்சியும் கிடைக்க வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் 2014-இல் பரிந்துரைத்தது. அவ்வாறு அருகிருப்போர் பெரும்பாலும் உடன் போதை கொள்ளும் தோழர்களே.

இனிக் காப்பியத்தை நோக்குவோம். கணிகையாலும் சூதாலும் பொருளிழந்த சாதுவன், கலம் உடைந்து நாகர் மலையை அடைகிறான். நாகர் தலைவன் கள்ளும் ஊனும் அளிக்க, அவற்றை மறுத்து அறம் உரைக்கிறான். அவையின்றித் தம்மால் வாழ இயலாது என்றும், தமக்கு ஏற்ற அறத்தைக் கூறுமாறும் தலைவன் வேண்டுகிறான். சாதுவன் சினந்து விலகவில்லை. கலம் உடைந்து கரைசேர்வோரைக் கொல்லாது காக்கவும், மூத்து இறக்கும் விலங்கன்றிப் பிறவுயிர்க்குத் தீங்கு செய்யாதிருக்கவும் அறிவுறுத்துகிறான்.

சாதுவன் கள்ளை நன்று என்று கூறவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அறத்தின் அளவை அவன் குறைக்கவில்லை; அதன் முதற்படியைக் காட்டுகிறான். அம்முதற்படி உயிர்காப்பு. நாகன் காப்பது பிறர் உயிரையே. போதை கொள்வோனின் உயிர் அங்குப் பேசப்படவில்லையே எனத் தடை எழுப்பலாம். அவ்வேறுபாடே இவ்வொப்புமைக்கு வலிமை சேர்க்கிறது. வீழ்ந்தவன் கலம் உடைந்தவன். அருகில் நிற்கும் தோழன் நாகன். தோழனிடம் முதலில் வேண்டப்படுவது போதையை விடுதலன்று, வீழ்ந்தவனைக் கைவிடாமை. கள்ளுண்ணாமையைத் தனி அதிகாரமாக வகுத்த வள்ளுவர் நெறிக்கும் இது மாறானதன்று. அவ்வதிகாரம் உண்பானைத் திருத்த முனைகிறது. திருத்தம் பெற அவன் உயிரோடிருத்தல் வேண்டும்.

ஆயினும் தோழன் ஓடிவிடுவது கன்மனத்தால் மட்டுமன்று, அச்சத்தாலும் ஆகும். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு போதைப்பொருள் உட்கொள்வதைக் குற்றமாக்குகிறது. 64அ பிரிவு, தாமே முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைப்பட்டோர்க்கு வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. பிறனைக் காக்க உதவி கோரும் தோழனைப் பற்றி அது பேசவில்லை. அறம் செய்ய முனைவோனையே அஞ்சச் செய்யும் இவ்விடைவெளியை நிரப்புதல் சமூகத்தின் கடன்.

தூய ஊசி வழங்கலையும் மாற்று மருந்துச் சிகிச்சையையும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டம் (2007–2012) ஏற்றமை, இயலும் அறத்தை அரசும் ஏற்கக்கூடும் என்பதற்குச் சான்று. சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிய கதையைக் கூறும் காப்பியத்தைப் போற்றும் நாம், வீழ்ந்தவன் தகுதியுடையவனா என்று வினவுமுன் அவனுக்கு மூச்சு உள்ளதா என்று பார்த்தல் வேண்டும்.