வாங்கியவர் கையில் தராசு

வில்லியனூர் சுடுமண் சிற்பங்களுக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு உண்டு. புதுச்சேரிக் கைவினைப் பொருள்கள் தொலைதூர வீடுகளுக்குப் போய்ச் சேர இன்றைக்கு எளிய வழி இணைய விற்பனைதான். அந்த வழியில் விற்பவர்கள் எல்லோரும் அறிந்த தொல்லை ஒன்று உண்டு. பண்டம் பத்திரமாகப் போய்ச் சேர்கிறது. ‘உடைந்து வந்தது’ என்று புகார் பதிவாகிறது. ரீஃபண்ட் உடனே வாங்கியவர் கணக்குக்குப் போய்விடுகிறது. ரிட்டர்ன் வந்த பெட்டியைத் திறந்தால் உள்ளே வேறு ஏதோ பழைய பொம்மை, அல்லது ஒரு பிடி ஓட்டாஞ்சில்லு. புடவை விற்பவருக்கோ கல்யாணத்துக்கு ஒருநாள் உடுத்திய வியர்வை வாசத்தோடு சேலை திரும்புகிறது. பண்டமும் போய், பணமும் போய், போகவரக் கூரியர் செலவு மட்டும் விற்றவர் தலையில். இழந்த பணத்தைவிடக் கடினமானவை இரண்டு கேள்விகள். ஏமாற்றியவரை விட்டுவிடுவது பெருந்தன்மையா? ஒருவர் ஏமாற்றிவிட்டார் என்பதற்காக அடுத்து வருபவரைச் சந்தேகிக்கலாமா?

வணிக அறம் என்றதும் விற்பவரைத்தான் நிறுத்திவைத்து விசாரிக்கிறோம். கள்ளத் தராசு, கலப்படம், தேய்ந்த எடைக்கல் எல்லாம் அவருடைய குற்றங்கள். அதில் நியாயமும் உண்டு. பண்டத்தின் குறையை அறிந்தவர் அவர், வாங்குபவர் அறியாதவர். பழைய கார் சந்தையை உதாரணமாக்கி பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லோஃப் 1970-ல் விளக்கியது இந்த ஏற்றத்தாழ்வைத்தான். ஆனால் பெட்டி வாசலில் கைமாறிய கணத்தில் இது தலைகீழாகிறது. உள்ளே என்ன இருந்தது, எந்த நிலையில் இருந்தது என்பதை அறிந்தவர் இப்போது வாங்கியவர் மட்டுமே. அறநூல்களும் சமய நூல்களும் இதைக் கவனிக்காமல் விடவில்லை. திருக்குறள் வணிகருக்கான சொல்லைப் பொருட்பாலில் வைக்காமல் அறத்துப்பாலில், நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக வைத்தது. அக்குறள் சொல்லும், பிறர் பொருளைத் தன் பொருள்போலப் பேணும் கடமை, ரிட்டர்ன் பெட்டியை ஒட்டிக்கொண்டிருப்பவருக்கும்தானே? குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம் அளவில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும்போது, தனக்கு நிறைய அளந்து வாங்கிக்கொள்பவரைத்தான் முதலில் சொல்கிறது. விவிலியத்தின் நீதிமொழிகள் 20-ஆம் அதிகாரம், கடையில் பண்டத்தைப் பழித்துவிட்டு வெளியே போய்ப் பெருமையடிப்பவரைக் காட்டுகிறது. மணக்குள விநாயகர் கோயிலும் பள்ளிவாசலும் சம்பா கோயிலும் நடக்கும் தூரத்தில் இருக்கும் ஊரில், வாங்குபவருக்கு அறம் சொல்ல யாரும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பழைய சட்டங்கள் இன்னும் துல்லியமானவை. வாங்கிய அன்றே, பழுதில்லாமல், பண்டத்தைத் திருப்பித் தரலாம் என்கிறது நாரத ஸ்மிருதி. இரண்டாம் நாள் என்றால் விலையில் முப்பதில் ஒரு பங்கு பிடித்தம், மூன்றாம் நாள் அதைப்போல் இரு மடங்கு, அதற்குப் பிறகு பண்டம் வாங்கியவருடையதே. விற்றுவிட்டுக் கொடுக்க மறுப்பவருக்கும் வாங்கிவிட்டு ஏற்க மறுப்பவருக்கும் ஒரே பன்னிரண்டு பண அபராதம் விதிக்கிறது அர்த்தசாஸ்திரம். மனம் மாறுவது குற்றமில்லை, ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, அதை மாறியவரே தரவேண்டும் என்பது அந்தக் கணக்கு. இன்றைய இணைய வணிக விதிகள் (2020), குறையுள்ள, போலியான, சொன்னபடி இல்லாத பண்டத்தை விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக்கூடாது என்கின்றன. நல்ல விதி. குறை உண்மையிலேயே இருந்ததா என்பதை யார் சொல்வது என்ற இடத்தில்தான் சிக்கல்.

‘காலங்காலமாக ஏமாந்தவன் வாடிக்கையாளன், கொஞ்சம் அவன் பக்கம் தராசு சாய்ந்தால் என்ன?’ என்று கேட்கலாம். சாய வேண்டியது எளியவர் பக்கம். வாங்குபவர் எப்போதும் எளியவர் என்பதைப் புதுச்சேரி வரலாறு ஒப்புக்கொள்ளாது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிய பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த ஊரின் மிகப்பெரிய வாடிக்கையாளர் பிரெஞ்சுக் கம்பெனி. வணிகர்கள் கொண்டுவரும் துணியை மாதிரியோடு ஒப்பிட்டு, ஒவ்வாததைத் தள்ளுவது ஐரோப்பியக் கம்பெனிகளின் வழக்கம். மாதிரியும் தீர்ப்பும் கோட்டையும் வாங்குபவர் கையிலேயே இருந்தன. (தள்ளுபடி என்ற சொல்லுக்கு விலைக்குறைப்பு, நிராகரிப்பு என்று இரண்டு பொருளும் நிலைத்துவிட்டது தற்செயலாகவே இருக்கட்டும்.) இன்றும், சக்கரத்தில் அகல் வனைபவருக்கும் அவருடைய பணத்தைக் கேட்காமலே பிடித்துக்கொள்ளும் இணைய விற்பனைத் தளத்துக்கும் நடுவே எளியவர் யார் என்பது தெரிந்ததுதான்.

‘அவன் பாவம் அவனோடு, விட்டுவிடுங்கள்’ என்பது இன்னொரு வாதம், நம் வீடுகளில் அதிகம் கேட்பது. வினைப்பயன் செய்தவனைத் தொடரும் என்பது கோட்பாடு. பாதிக்கப்பட்டவர் வாய்மூடி இருக்க வேண்டும் என்று அது கட்டளையிடவில்லை. வாங்கியபின் மனம் மாறியவரிடமிருந்து பண்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதை இஸ்லாமிய மரபு ‘இகாலா’ என்று பெயரிட்டுப் போற்றுகிறது. அங்கே ஒருவர் உண்மையைச் சொல்லிக் கேட்கிறார், இன்னொருவர் மனமொப்பிக் கொடுக்கிறார். பொய்ப் புகாருக்குக் கணக்கிலிருந்து தானாகக் கழிபடும் தொகையில் இந்த இரண்டுமே இல்லை. அதை மன்னிப்பு என்பது சொல்லுக்கே இழுக்கு. தவிர, தன் நஷ்டத்தைத்தான் ஒருவர் மன்னிக்க முடியும். இந்த நஷ்டம் வனைந்தவரின் கூலியிலும் அடுத்து வாங்குபவருக்கு ஏற்றிய விலையிலும் போய் உட்காருகிறது. அவர்கள் சார்பில் பெருந்தன்மை காட்டும் உரிமையை விற்பவருக்கு யார் கொடுத்தது?

ஆகவே எதிர்த்துப் புகார் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் விற்பவர் தவறும் இடமும் இதற்கு அடுத்த அடியிலேயே இருக்கிறது. இரண்டு பெட்டி மோசமாகத் திரும்பியதும் அந்தப் பின்கோடுக்கே கேஷ் ஆன் டெலிவரியை நிறுத்துவது, ஊர்ப்பெயரைப் பார்த்து ஆர்டரை ரத்து செய்வது எல்லாம் கோபத்துக்கு இதம், நியாயம் இல்லை. இவ்வூர் வழக்கறிஞர்களுக்கு அந்நியமல்லாத பிரெஞ்சு சிவில் சட்டம், சொத்து அனுபவத்தைப் பேசும் பகுதியில் நல்லெண்ணத்தை இயல்பாகவே கொள்கிறது. கெட்ட எண்ணம் என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். இங்கும் அதுவே தகும். நல்லெண்ணம் என்று கொள்வது ஒரு தொடக்கம், சான்று வந்தால் மாறும். விற்பவர் பேக்கிங்கை வீடியோ எடுக்கட்டும், வாங்கியவர் பிரிப்பதை எடுக்கட்டும். நேர்மையானவரை இது அவமதிக்காதா என்றால், பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்குபவர் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார், மீன்காரம்மா கோபித்துக்கொள்வதில்லை. நீட்டிய ஐந்நூறு ரூபாய் நோட்டை அந்த அம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது, வாங்கியவரும் பையை விரித்தபடி காத்திருக்கிறார்.