குறுக்குவழியும் கர்மயோகமும்

பிறருக்குத் தீங்கு எண்ணாத ஒருவர் தீங்கு செய்தவராக ஆக முடியுமா? ஜெர்மானியக் கணித அறிஞர் டீட்ரிஷ் பிரேஸ் 1968-ஆம் ஆண்டில் சாலைப் போக்குவரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை இக்கேள்விக்கு வியப்பான விடை தருகிறது. அவர் கண்ட உண்மையை எளிய கணக்கொன்றால் விளக்கலாம்.

ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு இரண்டு சாலைகள். காலையில் செல்வன 4000 வண்டிகள். ஒவ்வொரு சாலையிலும் ஒரு பாதி அகலமானது; எத்தனை வண்டிகள் வந்தாலும் அதைக் கடக்க 45 நிமிடம். மறுபாதி குறுகலானது, அங்கே 100 வண்டிகளுக்கு ஒரு நிமிடம் வீதம் நேரம் ஏறும். ஒரு சாலையில் குறுகல் முதலில் வரும், மற்றதில் இறுதியில். வண்டிகள் சரிபாதியாகப் பிரிந்து செல்வதால் குறுகலில் 20, அகலத்தில் 45, ஆக 65 நிமிடத்தில் பயணம் முடிகிறது. இப்போது இரு சாலைகளின் நடுவிடங்களை இணைத்து, நொடிப்பொழுதில் கடக்கக்கூடிய குறுக்குவழி ஒன்று போடப்படுகிறது. அகலமான பகுதியின் 45 நிமிடத்தைத் தவிர்க்கலாமே என்று ஒவ்வொருவரும் எண்ணுகின்றனர். 4000 வண்டிகளும் இரு குறுகல்களிலும் புகுகின்றன. நாற்பதும் நாற்பதும் எண்பது நிமிடம்! சாலை கூடியது, பயணம் நீண்டது.

இங்கே கொடியவர் எவருமில்லை. நேரத்தோடு வேலைக்குச் செல்ல விரும்புவது குற்றமாகுமா?

ஒருவர் மட்டும் மனம் மாறிப் பழைய வழியில் சென்றால் அவருக்கு 85 நிமிடம் ஆகும். ஐந்து நிமிடம் இழப்பு. ஆனால் அவர் விலகிய குறுகலில் மற்ற 3999 பேருக்கும் அரை நொடிக்குச் சற்று மேல் மிச்சம். கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 40 நிமிடம். ஐந்தை இழந்து நாற்பதை வழங்கிய அவரை எவரும் அறியார். நன்றி கூறவும் வாரார். கீதையின் மூன்றாம் அத்தியாயம் பேசும் லோக சங்கிரகத்திற்கு இதைவிடத் தூய எடுத்துக்காட்டு அரிது.

எல்லோரும் கர்மயோகியாகும்வரை சாலை காத்திருக்குமா? பிறருக்கு விளைவிக்கும் தாமதத்தின் விலையை அவரவரிடமே வசூலிக்கலாம் என்பது ஆங்கிலப் பொருளியல் அறிஞர் பிகூ 1920-இல் காட்டிய வழி. (செல்வருக்கு அது ஒரு பொருட்டன்று என்னும் குறை அதில் உண்டு.) ஸ்டாக்ஹோம் நகரம் 2006 ஜனவரியில் நெரிசல் கட்டணத்தைச் சோதனையாகத் தொடங்கியபோது நகருக்குள் நுழைந்து வெளியேறும் வண்டிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ஜூலை இறுதியில் கட்டணம் நின்றது. வண்டிகளும் பெரும்பாலும் திரும்பின. கட்டணம் பாதையை மாற்றியதேயன்றி மனத்தை மாற்றவில்லை என்றே தோன்றும். ஆயினும் அவ்வாண்டு செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில், அக்கட்டணம் மீண்டும் வேண்டும் என்று பெரும்பான்மையாக வாக்களித்தவர்கள் அந்நகர மக்களேதாம். 2007 ஆகஸ்டில் அது நிலையாயிற்று.