சில்லின் சாட்சியம்

மருந்துப் புட்டியின்மேல் ஒட்டப்படும் ஒரு சிறு சில்லு அம்மருந்தை உண்பவரைக் காப்பாற்றுமா? போலி மருந்துகள் நாடுகளின் எல்லையைத் தாண்டி உலவும் இந்நாளில், இது பொறியியல் வினா மட்டுமன்று. அறத்தைப் பற்றிய வினாவுமாகும்.

இவ்வானொலி அலைச் சில்லுக்குப் பெரும்பாலும் மின்கலம் வேண்டியதில்லை. படிக்கும் கருவி வீசும் அலையின் ஆற்றலையே பெற்று, அது தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். அவ்வெண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால், புட்டி எந்த ஆலையில் பிறந்தது, எவ்வழியே வந்தது என்பது விளங்கும். அந்த அலையே மருந்தைக் கெடுத்துவிடாதா என்னும் ஐயமும் நியாயமானதே. அலை வெப்பத்தை உண்டாக்கவல்லது. மிகுவெப்பம் புரதத்தைக் குலைக்கும். அதனாலேயே 2004-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சில்லுச் சோதனைகளுக்கு இடமளித்தபோது, உயிரியல் மருந்துகளை அவற்றிலிருந்து விலக்கி வைத்தது. அவ்வெச்சரிக்கை தக்கதே. ஆயினும் பேராபத்து வேறிடத்தில் உள்ளது.

2023-இல் இலங்கை அரச மருத்துவமனைகளில் இம்யூனோகுளோபுலின் என்ற பெயரில் ஏற்றப்பட்ட ஊசிமருந்து நோயாளருக்குத் தீங்கு விளைத்தது. ஆராய்ந்தபோது, புட்டியில் அம்மருந்தே இல்லையென்று தெரிந்தது. போலி ஆவணங்களைக் காட்டி அது அவசரக் கொள்முதல் வழியே நுழைந்ததென்று வழக்கு எழுந்தது. முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். சில்லு இருந்திருந்தால் பதிவில் இல்லாத எண் அகப்பட்டிருக்கும் என்பர். உண்மைதான். ஆனால் பதிவேட்டைப் பார்க்க வேண்டியவரே கண்ணை மூடிக்கொண்டால், எண் எவரிடம் முறையிடும்?

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலையொன்றில் செய்த கோல்ட்ரிஃப் இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் 20 பேருக்கு மேல் மத்தியப் பிரதேசத்தில் மாண்டனர். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில், அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு காணப்பட்டது. அதுவோ கள்ளச் சரக்கன்று. உரிமம் பெற்ற ஆலையின் சொந்தச் சரக்கு. சில்லு ஒட்டியிருந்தால், "இது மெய்யான மருந்து" என்றே அது சாட்சி சொல்லியிருக்கும்! சில்லுக்குப் புட்டியின் பிறப்பிடம் தெரியும். உள்ளிருக்கும் நஞ்சு தெரியாது.

சரியான செய்தியே கிடைத்தாலும் அது மட்டும் போதுமா? ஊவா மலைநாட்டின் மீரியபெத்தத் தோட்டம் இதற்கு விடை கூறும். அங்குள்ள சரிவு பாதுகாப்பற்றதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எச்சரித்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயன்களை மூடியது. "அறிவித்தோம், அவர்கள் போகவில்லை" என்று சொல்லிவிடுவது எளிது. சொந்தமாக ஒரு காணித் துண்டும் இல்லாத தொழிலாளி எங்கே போவான்? மாற்று நிலமும் வீடும் கொடாத எச்சரிக்கை, பொறுப்பை உழைப்பவன் தலையில் இறக்கி வைக்கும் தந்திரமேயன்றி வேறென்ன?

மருந்திலும் இதுவே நேரும். தோட்டத்து மருந்தகத்தில் கொடுத்த மருந்தை வாங்கிக்கொண்டு மலையேறும் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம், "எண்ணைச் சரிபார்த்துக்கொள்" என்று சொல்வது நீதியாகாது. எண் பொருந்தாவிட்டால் அவளுக்கு வேறு மருந்து ஏது?

ஆகவே விஞ்ஞானத்தை நாம் வெறுக்க வேண்டியதில்லை, சில்லு வரட்டும். அதனோடு, மருந்தின் ஒவ்வொரு தொகுதியையும் அரச ஆய்வுகூடம் சோதிக்கட்டும். முடிவு மக்கள் அறிய வெளிவரட்டும். பிழை நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டிய அதிகாரி யாரென்பது முன்னரே குறிக்கப்படட்டும். இவற்றைக் கேட்கும் உரிமை, மருந்தை நம்பி வாய் திறக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.